கழிவுப் பட்டியலில் ஏழு கணித நூல்கள்

அந்த மரப்பெட்டியின் மேல் ‘கிறிஸ்தவ மதம், லத்தீன்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. திறந்தால் உள்ளே வட்டங்கள். வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோடுகள், குறுக்கே வெட்டிய கூம்புகள், முக்கோணத்துக்குள் முக்கோணம். மொத்தம் ஏழு புத்தகங்கள். முந்நூறு ஆண்டுப் பழைய தாளின் ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஒரு புத்தகத்தில் நிரூபணம் முடியும் இடந்தோறும் அதே மூன்று சொற்கள் வந்தன. முதலெழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தேன்: க்யூ, ஈ, டி. கல்லூரியில் மூன்று வருடமும் ஒவ்வொரு தேற்றத்தின் அடியிலும் நான் எழுதிய எழுத்துகள். அவை லத்தீன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

தஞ்சாவூரில் ஒரு பழைய நூலகத்தில் அப்போது நான் தற்காலிக எழுத்தர். வலங்கைமான் பக்கம், நடவும் அறுப்புமாக வாழ்ந்த கூலிக்காரத் தெருவிலிருந்து கும்பகோணம் போய்க் கணிதம் படித்த முதல் பெண். புதிய ஆட்சி வந்து, அலுவலகச் சுவர்களில் ‘தமிழ் வாழ்க’ பலகை ஏறியிருந்த காலம். ஊரில் நிலத்துக்கும் கூலிக்கும் சண்டை. என் அண்ணன் அறுவடைத் தகராறில் சிறையில் இருந்தான்.

நூலகரிடம் ஓடினேன். “சார், இது மதப் புத்தகம் இல்ல. கணக்கு.”

அவர் நிமிரவில்லை. “உனக்கு லத்தீன் தெரியுமா?”

“தெரியாது சார். வட்டம் தெரியும்.”

அவர் கெட்டவர் அல்லர். புதிதாக வந்த தமிழ்ப் புத்தகங்கள் தரையில் குவிந்து கிடந்தன. அவருக்கு அலமாரி வேண்டும். “யாரும் படிக்கப் போறதில்லம்மா. கழிவுப் பட்டியல் தயார் பண்ணி, ‘பயனற்றவை, பரிசீலித்தேன்’னு கையெழுத்துப் போட்டுக் குடு” என்றார்.

“பரிசீலிக்காம எப்படி சார் போடறது?”

“சரி, மூணு மாசத்துல பரிசீலி” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைச் சீண்டியது. ஒரு கன்னியர் மடத்தில் லத்தீன் அகராதியும் இலக்கணமும் இரவல் வாங்கினேன். மதிய இடைவேளையில் புளிச்சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ஒரு வரி, இரண்டு வரி என்று படிப்பேன். முதல் மாதம் பாதிச் சொற்கள் அகராதியிலேயே இல்லை. பிறகுதான் தெரிந்தது, நான் ‘எஃப்’ என்று நினைத்தவற்றில் பெரும்பாலானவை பழைய அச்சில் அதே உருவில் வரும் நீண்ட ‘எஸ்’. அன்று சந்தோஷத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன். நூலகர் எட்டிப் பார்த்தார்.

சிறையில் அண்ணனைப் பார்த்தபோது சொன்னேன். அவனுக்குக் கோபம். “நாங்க நெலத்துக்காக உள்ள கெடக்கோம். நீ வெள்ளக்காரன் கணக்க வச்சுக்கிட்டு அழுவுற.”

“அப்ப நெலத்த மாதிரி கணக்கையும் இருக்கறவங்களே வச்சுக்கட்டும்னு விட்டுடவா?” என்றேன்.

மூன்று மாதம் முடிந்தது. நான்கு பக்கம்தான் தாண்டியிருந்தேன். நூலகரே தயாரித்த பட்டியல் கையெழுத்துக்காக என் மேஜைக்கு வந்தது. ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். நடவு முடித்து வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தவள், அகராதியைப் பற்றியோ வட்டத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

“உங்கப்பா என்ன எழுதியிருக்குன்னு தெரியாமத்தான் கைநாட்டு வச்சாரு. குத்தகை போச்சு. வேல போனாப் போவட்டும், நீ போட்றாத” என்றாள்.

போடவில்லை. மேலதிகாரி உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் தமிழில் இருக்க வேண்டும் என்றிருந்தது. அந்த நான்கு பக்கத்தையும் தமிழாக்கி, காம்பஸ் வைத்துப் படங்களை வரைந்து, அதையே என் விளக்கமாகக் கொடுத்தேன். கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: ‘மீதியைப் படித்து முடிக்காமல் பயனற்றது என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை, வேறு யாருக்கும் இல்லை.’

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அதே புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் நகர்த்தினார். “இதைச் சொல்லுங்க பார்ப்போம்.”

விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன்; தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

“எந்த கான்வென்ட்ல படிச்சீங்க?”

“எங்க தெருவுல கான்வென்ட் இல்லீங்க. பஸ்ஸே வராது.”

“தமிழாட்சி நடக்குது. லத்தீன் எதுக்கும்மா?”

“தமிழ்ல கொண்டுவரத்தாங்க. தூக்கிப் போட்டா எதைக் கொண்டுவர்றது?”

அவர் என் படங்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பட்டியலிலிருந்து அந்த ஏழு வரிகளையும் சிவப்பு மையால் அடித்தார். புத்தகங்கள் தப்பின. நான் தப்பவில்லை; ஒழுங்கு மீறல் என்று குறிப்பெழுதி, என் வேலையை நீட்டிக்காமல் விட்டார்கள்.

கடைசி நாள் மாலை, வாசகர்கள் நூல் தேடும் இழுப்பறைகளுக்காக ஏழு அட்டைகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் நூலின் பொருளைத் தமிழில், எனக்குப் புரிந்த வரை. யாரும் எழுதச் சொல்லவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. ‘கணிதம்’ என்ற இழுப்பறையைத் திறந்து, அவற்றை வரிசையில் செருகிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.