பாய் வண்டியின் ஜி.ஐ. பட்டைகள்

பழவேற்காடு அமீருதீன் பாய்க்கு அரசப்பன் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கம்ப்ரசர் மோட்டார் எரிந்துபோய் ஷெட் மூடிக் கிடந்தபோது வாங்கியது. பாய் வட்டி வேண்டாமென்றுவிட்டார். அதுதான் அரசப்பனை அறுத்தது. வட்டி கேட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பிரஷ் கழுவ வந்த மனுஷன். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி பைபாஸில் சொந்த பெயிண்டிங் ஷெட். சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களில் பாதி அவர் கைபட்டவை. மீதிப் பாதி அவர் கைபடாதவை என்று பார்த்தாலே தெரியும் என்பார். அப்படிப்பட்டவர் பாயைக் கண்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒருநாள் பாயே தன் மீன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டியைச் சுற்றி ஓடும் ஜி.ஐ. பட்டைகளில் வருஷா வருஷம் பழைய பெயிண்டின் மேலேயே புதுசை அடித்து, எல்லாம் அப்பளமாகப் பெயர்ந்து கிடந்தன.

"பழச சுத்தமா எட்த்துட்டு புதுசா அடிச்சிக் குடு அரசப்பா. வெள்ளிக்கெயம வண்டி வோணும். கூலி பன்னெண்டாயிரம். கடன்ல கழிச்சிக்கலாம்."

"கழிக்கிற கதையே வேணாம் பாய். கூலிய கையில குடு. கடன நான் குடுக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"உனுக்கு ஒண்ணு. எனுக்கு ரெண்டு."

சாதா இரும்பாக இருந்தால் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி, டீ ஆறுவதற்குள் உரித்துப் போட்டிருப்பார். ஜி.ஐ. அப்படியில்லை. இரும்பின் மேலே பூசிய துத்தநாகம் தோல் மாதிரி. பிரஷ் பட்டால் பெயிண்டோடு அதுவும் போய்விடும். காஸ்டிக் சோடா ஊற்றினால் அரித்துவிடும். அப்புறம் பழவேற்காட்டு உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். பெயிண்ட் உரிக்கும் ரிமூவரைக் கெட்டியாகத் தடவி, பாலித்தீன் போட்டு மூடி, பெயிண்ட் தானாகச் சுருங்கும்வரை சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பதுதான் அரசப்பனுக்கு வராத வேலை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துவிடுகிறவர். மூடியதுமே ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். வெளியே போய் பீடி பற்றவைத்தார், பாதியில் அணைத்துவிட்டு வந்து மறுபடி தூக்கினார்.

ஷெட்டின் கல்லாவும் உப்புத்தாளும் அவர் மனைவி சந்திரகலாவின் பொறுப்பு. அங்கிருந்தே குரல் வந்தது. "தொறந்து தொறந்து பாத்துக்கினு இருந்தா மருந்து காஞ்சிடும்யா."

"நான் யாருன்னு தெரியுமா உனுக்கு?"

"தெரியும். கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இதே பேஜாரு."

அவள் குடம் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அரசப்பன் கிரைண்டரை எடுத்தார். பின்பக்கக் கடைசிப் பட்டை, யார் கண்ணிலும் படாது. பிளக்கைச் சொருகி பட்டனை அழுத்தினார். கிரைண்டர் ஓடவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கழற்றிப் பார்த்தார். உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டுகள் இரண்டையும் காணோம்.

குடத்தோடு வந்த சந்திரகலா முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டினாள். "இங்க கீது. வெள்ளிக்கெயம தரேன்."

"கடன் என் தலமேல குந்திக்கினு கீது சந்திரா."

"துரு புட்சிச்சின்னா பாயி முன்னாடி இன்னும் குனிவ."

அரசப்பன் வேகமாக வெளியே நடந்தார். ரயில்வே கேட்வரை போனார். சூளூர்ப்பேட்டை வண்டி போனது, எண்ணூர்ப் பக்கம் ஒரு சரக்கு வண்டி போனது. நிற்க முடியாமல் திரும்பி வந்து பாலித்தீனைத் தூக்கினார். காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி பெயிண்ட் சுருண்டிருந்தது. பிளாஸ்டிக் தகட்டால் தள்ளத் தள்ள நீலம், பச்சை, வெள்ளை என்று சேர்ந்தே உரிந்தது. அடியில் பூப்பூவாகச் சாம்பல் நிறத் துத்தநாகம், ஒரு கீறல் இல்லாமல். நன்றாகக் கழுவித் துடைத்து, அதற்கான பிரைமர் போட்டு, பெயிண்ட் அடித்தார். பின்பக்கக் கடைசிப் பட்டையை மட்டும் அடிக்காமல் விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பாய் வந்தார். அந்த வெறும் பட்டைமேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"இத ஏன் உட்டுட்ட?"

"கீறல் இல்லன்னு நீ பாக்கத்தான். இப்ப அடிச்சித் தரேன்."

பாய் கூலியை எண்ணிக் கொடுத்தார். அரசப்பன் அதைச் சட்டைப்பையில் வைத்தார், தட்டிப் பார்த்தார், ஒருதரம் ஷெட்டைச் சுற்றி நடந்து வந்தார். பிறகு அதே நோட்டுகளை வெளியே எடுத்தார்.

"இப்ப நீ கைய நீட்டு பாய்."

பாய் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். அரசப்பன் கட்டை விரலை நாக்கில் தொட்டு, தலை நிமிர்ந்து, ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.