முழுப்பேரும் பிறந்த தேதியும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்முறைத் தேர்வில் தோற்றுப்போன தகவல் வந்த அன்று போனைக் கட்டிலில் விட்டெறிந்துவிட்டு, அடுக்களையில் நின்று அரைமணி நேரம் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். ஒரு பானை மூடி இன்றைக்கும் நெளிந்துதான் கிடக்கிறது.

கருங்கல் பக்கத்தில் முப்பது கட்டில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் பன்னிரண்டு வருஷம் நர்ஸ். ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று பெயர் எடுத்தவள். என் வீட்டுக்காரர் ஒரு வளைகுடா நாட்டில், ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்த்தார். அவருடைய விசாவில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அந்த நாட்டு நர்ஸ் லைசென்ஸ் எனக்குக் கிடைத்தால் என் விசாவில் மகளையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போகலாம். மகளுக்கு அப்போது ஏழு வயது முடிந்திருந்தது. அப்பாவை அவள் நேரில் பார்த்த நாட்களையெல்லாம் சேர்த்தால் ஐந்து மாதம் தேறாது. கடைசியாக அவர் வந்தபோது அவளுக்கு நாலு வயது. அப்பா என்றால் அவளுக்குப் போனுக்குள் இருக்கும் ஒரு முகம், சார்ஜ் தீர்ந்தால் அணைந்துவிடும்.

லைசென்ஸுக்கு இரண்டு தேர்வு. கம்ப்யூட்டரில் எழுதுவது ஒன்று. அதை முதல் தடவையே தாண்டிவிட்டேன். இன்னொன்று கொச்சியில் வைத்து நடக்கும் செய்முறைத் தேர்வு. மணி அடித்தால் ஒரு அறைக்குள் போக வேண்டும், மறுபடி அடித்தால் அடுத்த அறை. ஒரு அறையில் பொம்மையின் நெஞ்சை அமுக்கி மூச்சு வரவைக்க வேண்டும், ஒன்றில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்ட வேண்டும், ஒன்றில் நோயாளியாக நடிப்பவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். செய்வதையெல்லாம் இங்கிலீஷில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். இரண்டு வாய்ப்புதான் தருவார்கள். இரண்டும் போனால் அதோடு முடிந்தது.

என் முதல் வாய்ப்பு மாத்திரை அறையில் போயிற்று. உள்ளே ஒரே கட்டில், கட்டிலில் ஒரே ஆள், நரைத்த மீசை வைத்த பெரியவர். கை கழுவினேன். சீட்டைப் பார்த்து மருந்தின் பெயர், அளவு, நேரம், காலாவதித் தேதி எல்லாம் கடகடவென்று சொன்னேன். சிரித்த முகத்தோடு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். பாஸ் என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன். பிறகு வந்த தாளில் ஒரே ஒரு வரி இருந்தது: மருந்து கொடுக்கும் முன் நோயாளி யாரென்று கேட்டு உறுதி செய்யவில்லை. அந்த ஒன்றுக்காக மொத்தத் தேர்வும் தோல்வி.

படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்ததுதான். முழுப்பேரைக் கேள், பிறந்த தேதியைக் கேள், கையில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒத்துப்பார், ஒவ்வாத மருந்து உண்டா என்று கேள், வலிக்கிறதா என்று கேள், அதற்குப் பிறகுதான் மருந்தைத் தொட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள்கூட அதைச் செய்ததில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் யார் கையிலும் பட்டை கிடையாது. எங்கள் பக்கத்தில், பழகின ஆளிடம் போய்ப் பேர் என்னவென்று கேட்டால் அதைவிட அவமரியாதை வேறில்லை. நாங்கள் அவ்வளவு இளப்பமாகப் போய்விட்டோமா என்று வீடுவரை பேச்சு வரும். தெரியாத ஆள் வந்தாலும் எந்த ஊர், எந்த வீடு என்றுதான் கேட்போம். மருந்துத் தட்டில் நாங்கள் வைக்கும் துண்டுச் சீட்டிலும் பேர் இருக்காது. 'தேங்காய்ப்பட்டணம் சுகர்', 'அஞ்சுகிராமம் இடுப்பு', 'ஜன்னலோரம் காய்ச்சல்' என்றுதான் எழுதியிருப்போம்.

"சாரமில்ல, விடு. இன்னும் ஒண்ணு இருக்குல்லா" என்றார் வீட்டுக்காரர் போனில்.

"ஒண்ணுதான் இருக்கு! அதுவும் போச்சுன்னா உங்க பிள்ளைய கல்யாணத்துலதான் பாப்பீங்க" என்று கத்தினேன்.

கத்தியிருக்க வேண்டாம். போன் திரையில் அவர் முழுக்கைச் சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். எப்போது பேசினாலும் முழுக்கைச் சட்டைதான், கேட்டால் ஏசி குளிர் என்பார். பிறகு, "அவளக் காட்டு" என்றார். மகள் வந்து நின்று, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோல் அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள்.

அடுத்த நாளே பயிற்சியைத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள்தான் நோயாளி. பிளாஸ்திரியை வெட்டி அதில் அவள் பேரையும் பிறந்த தேதியையும் பேனாவால் எழுதி அவள் கையில் ஒட்டுவேன். அவள் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி முனகுவாள். நான் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். பேரைக் கேட்காமல் தட்டைத் தொட்டேனோ, போர்வையை உதறிவிட்டு எழுந்து, "அம்மா ஃபெயில்!" என்று குதிப்பாள். ஒவ்வாத மருந்து உண்டா என்றால், கசப்பு எதுவும் ஒவ்வாது, ஐஸ்கிரீம் மட்டும் ஒத்துக்கும் என்பாள். முதல் வாரத்தில் பாதி நாள் நான் ஃபெயில்தான்.

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. பொம்மைக்கும் பூனைக்கும் பிளாஸ்திரி ஒட்டினாள். ஒரு நாள் காலை வாசலில் பால்காரரை நிறுத்தி, முழுப்பேரும் பிறந்த தேதியும் சொன்னால்தான் பால் வாங்குவேன் என்று நின்றாள். அவரும் சொல்லிவிட்டார். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அவரை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மட்டும் பழகினால் போதாது, ஆஸ்பத்திரியிலும் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அங்கேதான் வம்பு. தேங்காய்ப்பட்டணத்தில் மீன் வியாபாரம் செய்கிற ஒரு அக்கா, சர்க்கரைப் புண்ணுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து காலுக்கு மருந்து கட்டிப் போவாள். ஆறு வருஷப் பழக்கம். என் மகள் பிறந்தநாளுக்கு நெய்மீன் கொண்டு வந்து தந்தவள். அவளிடம் போய், "உங்க முழுப்பேரு சொல்லுங்க அக்கா" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னட்டி இது? எனக்க பேரு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் சொல்லுங்க. பிறந்த தேதியும் வேணும்."

"பெறந்த தேதியா? ஆதார்ல ஒருத்தன் என்னமோ போட்டு வச்சிருக்கான், அது எனக்குள்ளது இல்ல. நான் பெறந்த அன்னைக்கு நல்ல மழன்னு அம்ம சொல்லுவா. மழைன்னு எழுதிக்கோ."

அடுத்த தடவையும் கேட்டேன். அதற்கடுத்த தடவை அவள் காலை இழுத்துக்கொண்டாள். "ஏட்டி, ஒனக்குத் தலைக்கு வல்லதும் பிடிச்சிருக்கா? பேரு சொல்லலேன்னா எனக்க கால கெட்ட மாட்டியோ?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரே பெகளம். எனக்கும் ஏறிவிட்டது. "கெட்ட மாட்டேன்!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு அழுகையும் வந்துவிட்டது. அழுதுகொண்டே தேர்வு, பட்டை, ஒரே ஒரு வாய்ப்பு, பிள்ளை அப்பாவிடம் விருந்தாளிபோல் பேசுவது எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் அழுக்குச் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். மீன் வாடை. "இத மொதல்லயே சொல்லுகதுக்கு என்ன மக்கா? பிள்ளைக்க தகப்பன்கிட்ட போறதுக்குல்லா கேக்க? கேளு. நான் ஏசுவேன், ஏசினாலும் கேளு. அங்க உள்ளவன் இதவிட மோசமாட்டு ஏசுவான்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வைத்த பயிற்சிக்குக் கொச்சியில்கூட ஆள் கிடையாது. ஒரு நாள் காது கேட்காதவளாக நடிப்பாள். ஒரு நாள் பக்கத்துக் கட்டில்காரியின் பேரைச் சொல்லி என்னைச் சோதிப்பாள். பெரும்பாலும் திட்டுவாள். வசவுகள் ஒவ்வொன்றும் புத்தம் புதிதாக இருக்கும். நான் சிரிக்காமல், கோபப்படாமல், கேட்டதையே திரும்பக் கேட்கப் பழகினேன். எனக்குக் கோபப்படாமல் இருக்கக் கற்றுக்கொடுத்த ஒரே ஆள் அவள்தான்.

இரண்டாம் தடவை கொச்சிக்குப் போகும்போது மகளை அண்ணன் வீட்டில் விட்டேன். மைனி இட்லி கட்டித் தந்தாள், நான் அதைப் பிரிக்கவே இல்லை. மாத்திரை அறையின் மணி அடித்தது. கட்டிலில் இந்த முறை ஒரு பெண். கை கழுவினேன், வணக்கம் சொன்னேன், முழுப்பேரைக் கேட்டேன்.

அவள் முகத்தைச் சுளித்தாள். "காலையிலிருந்து எத்தனை தடவை கேட்பீர்கள்? நீங்களே கேட்டீர்களே. மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று இங்கிலீஷில் எரிந்து விழுந்தாள்.

பழைய நான் என்றால் பதிலுக்கு ஏசியிருப்பேன், இல்லையென்றால் கேள்வியை விட்டுவிட்டு மாத்திரையை நீட்டியிருப்பேன். ஆனால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதெல்லாம் ஒரு ஏச்சா? தேங்காய்ப்பட்டணத்தில் பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூட இதைவிடக் காரமாக ஏசும். "எத்தனை தடவை ஆனாலும் கேட்பேன் அக்கா. உங்களுக்கு உள்ளது உங்களுக்குத்தான் வர வேண்டும்" என்றேன். இங்கிலீஷுக்கு நடுவில் அந்த அக்கா எப்படி வந்தாள் என்று எனக்கே தெரியாது. மூலையில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் எதையோ எழுதினார். அந்தப் பெண் பேரும் தேதியும் சொல்லிக் கையை நீட்டினாள். பட்டையைப் பார்த்தேன். ஒவ்வாமை கேட்டேன், வலி கேட்டேன். பிறகுதான் தட்டைத் தொட்டேன்.

பாஸ். பதினெட்டு நாள் கழித்துத் தகவல் வந்தது. விசாவும் வந்த பிறகு, ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மீன்கார அக்காவுக்குக் கட்டுப் போட உட்கார்ந்தேன். நான் வாயைத் திறக்கும் முன்னே அவளாகவே முழுப்பேரையும் ஆதாரில் உள்ள தேதியையும் சொல்லிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் நானும் மகளும் வெளியே வந்தபோது வீட்டுக்காரர் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். போனில் தெரிந்ததைவிட ஒல்லியாக இருந்தார், தலையில் முடியும் குறைந்திருந்தது. கம்பியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து மகளைத் தூக்கக் கையை நீட்டினார். அவள் என் பின்னால் ஒதுங்கினாள். அவருடைய கைகள் அப்படியே காற்றில் நின்றன. நான் என்ன சொல்லுவேன்? அப்பாதான் மக்கா, போ என்று தள்ளிவிடவா முடியும்?

மகள் என் துப்பட்டாவை விடாமல் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "உங்க முழுப்பேரு சொல்லுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் அப்பா பேரும் தன் பேரும் சேர்த்துச் சொன்னார்.

"பிறந்த தேதி?"

சொன்னார்.

"கையில பட்டை இருக்கா? காட்டுங்க."

அவர் தயங்கினார். அவள் விடவில்லை, முன்னால் வந்து அவரே முழுக்கைச் சட்டையை மேலே தள்ளும்வரை காத்து நின்றாள். பட்டை இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள், பழையதும் புதியதுமாக. நர்ஸாகப் பன்னிரண்டு வருஷம் இருந்தவள் நான், வீட்டுக்காரரின் கையை மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மகள் ஒரு விரலால் அதில் ஒன்றைத் தொட்டாள். "வலிக்குதா?" என்று கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார், ஆமென்றும் ஆட்டினார். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "செரி" என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.