கந்தசட்டி விரதமும் சூப்பர்வைசரின் இங்கிலிஷும்

புலம்பெயர்ந்து வந்த லிட்கம் என்ற ஊரில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, அழுத்தி, மடித்துக் கொடுக்கும் லோன்ட்ரியில் எனக்கு வேலை. சூப்பர்வைசர் ஒரு வெள்ளைக்கார அம்மா. யார் களைத்து நின்றாலும் அவரிடம் ஒரு சொல் இருக்கும். “ஹாங் இன் தெயார்” என்பார். கைவிடாமல் பிடித்துக்கொண்டிரு என்று அர்த்தம். “ஸ்டிக் இட் அவுட்” என்றால் முடியும்வரை தாக்குப்பிடி. “சோல்ஜர் ஓன்” என்றால் நொந்தாலும் நட. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு வந்த இங்கிலிஷ் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

கந்தசட்டி ஆறு நாளும் பின்னேரம் ஒரு கோப்பை பால் மட்டும் குடித்து விரதம் இருப்பேன். போன வருஷம் நாலாம் நாள், அழுத்தும் மெஷினின் வெக்கையில் தலை சுற்றி, ஒரு கோப்பை பிளேன்ரீயோடு விரதம் முறிந்துபோனது. முருகன் படத்துக்கு முன் நிற்கவே கூச்சமாக இருந்தது. இந்த முறை முடித்தே தீருவேன் என்று முதல் நாளே கோயிலில் நேர்ந்துகொண்டேன்.

“லீவு போடுங்கோவன் அப்பா,” என்றாள் மனைவி.

“லீவு போட்டுப் படுத்தால் அது விரதமே? நித்திரை.”

“ஓம், போன வருஷமும் இப்பிடித்தான் கதைச்சனீங்கள்.”

ஐந்தாம் நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மட்டும் மெஷினடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சூப்பர்வைசர் கண்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் திகைத்துப்போனார். ஏதாவது சாப்பிடு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ, மெஷினுக்குள் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினார். என்னிடம் இருந்த இங்கிலிஷை எடுத்து அவருக்கே கொடுத்தேன்.

“ஐ ஸ்டிக் இட் அவுட், மேடம். வன் மோர் டே. ஐ சோல்ஜர் ஓன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷினுக்கு வேறு ஆளை விட்டு, ஃபானுக்குக் கீழே துவாய் மடிக்கும் மேசையில், கதிரை போட்டு என்னை இருத்தினார். அந்த மேசையின் லாச்சியை இழுத்து, தன் சிகரெட் பெட்டியை உள்ளே போட்டுப் பூட்டினார். நீ சாப்பிடும்வரை நானும் புகைக்கமாட்டேன் என்றார். பக்தி என்று நினைத்தாரோ, பந்தயம் என்று நினைத்தாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஆறாம் நாளும் நின்று பிடித்தேன். பின்னேரம் கோயிலில் சூரன் சாய்ந்தபோது கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் விடியப் பாறணையில் சாப்பிட்டு விரதத்தை முடித்து, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் அவருக்கு ஒரு பெட்டியில் கொண்டுபோனேன். சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார். தலையாட்டியதுதான் தாமதம், ஓடிப்போய் லாச்சியைத் திறந்தார்.

“ஹாங் இன் தெயார், மேடம்,” என்று சோற்றுப் பெட்டியை நீட்டினேன். “ஈட் ஃபர்ஸ்ட்.”

சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.