லூயிஸா ராணியின் அளவுத்தாள்

2023 அக்டோபர் 6. நாவல் ஒன்று, 74 திர்ஹாம்.
2024 பிப்ரவரி 11. நாவல் இரண்டு, 88 திர்ஹாம்.
2024 ஆகஸ்ட் 30. நாவல் மூன்றும் நான்கும், 151 திர்ஹாம்.
2025 ஏப்ரல் 14. ஜெர்மனிக்குப் பதிவுத் தபால், 45 திர்ஹாம்.
2025 ஜூன் 26, வியாழன். விசா கேன்சல், இரவு விமானம்.

வளைகுடாவில், ருவைஸ் ஆலையில் இருபத்தேழு வருஷம் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ் சரிபார்த்தவர் குளச்சல் செல்வசிங். ஆலையைத் தொடங்கிவைக்க வந்த ஜெர்மன் எஞ்ஜினியர்களோடு மல்லுக்கட்டியே அந்த பாஷையைப் பிடித்துக்கொண்டார். அவர் தொழிலில் ஒவ்வொரு கேஜுக்கும் ஒரு தாள் உண்டு. கழற்றும்போது முள் எங்கே நின்றது, திரும்ப மாட்டும்போது எங்கே நின்றது என்று இரண்டு கட்டம். தப்பாகக் காட்டுவது தெரிந்தும் அப்படியே விட்டால், மூன்றாவது கட்டத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

அந்தத் தாளை அவர் ஒரு ராணிக்கு விரித்தார்.

அந்தக் காலத்து ஜெர்மனியில், பிரஷ்யா நாட்டு ராணி லூயிஸா. பத்துப் பிள்ளை பெற்றவள். நெப்போலியனிடம் நேரில் போய் நாட்டுக்காக மன்றாடி, வெறுங்கையோடு திரும்பியவள். 1810இல், முப்பத்துநாலு வயதில் இறந்தாள். இது முதல் கட்டம். இரண்டாவது கட்டத்தில், இந்தக் காலத்து ஜெர்மன்காரர்கள் எழுதிய நாலு நாவல்கள். கண்ணால் காணாத அவளுக்காக அவற்றில் வருகிறவர்கள் ரயிலிலும் ஆபீசிலும் ஏங்குகிறார்கள். ராணி வரும் காட்சிகள் 118. வெயிலில் 97, மழையில் 3, வானிலை சொல்லாதவை 18. பிள்ளைகள் மொத்தம் இரண்டே இடத்தில்.

“என்னண்ணே, உங்க ராணிக்கு இன்னைக்காவது ஒரு தூத்தல் விழுந்துச்சா?” என்பான் ரூம்காரன் கார்மேகம்.

“இல்லப்பா. இருநூறு வருஷமா ஒரே வெயிலுல நிக்கா.”

“நம்மள மாதிரிதான். டூட்டிக்குப் போட்டுட்டாய்ங்க.”

நாலாவது நாவலை எழுதிய பெண்மணிக்குத் தாளின் நகலை அனுப்பினார் செல்வசிங். கேள்வி ஒன்றுதான். தெரியாமல் தப்பாக எழுதினீர்களா, தெரிந்தே விட்டீர்களா? தெரிந்தே என்றால் மூன்றாவது கட்டத்தை நிரப்பவும்.

மே 20 அன்று பதிப்பகத்திலிருந்து ஒரு அட்டை வந்தது. கடிதம் அம்மையாரிடம் சேர்ந்தது, பதில் எழுதுவார் என்று இரண்டே வரி. செல்வசிங் அதை இரண்டு தரம் படித்தார். ஆனால் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்த தபால் அறை முகம்மது ரிபாய் தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணே, கம்பெனி பெட்டி நம்பர் எழுதினீங்க, உங்க ஸ்டாஃப் நம்பர் எங்கே? நம்பர் இல்லாத கடிதத்த வியாழக்கிழமை காலைல மூட்டை கட்டித் திருப்பிருவோம். ஜெர்மன்னு பார்த்ததால எடுத்து வெச்சேன்.”

ஆயிரக்கணக்கான கேஜுக்கு நம்பர் போட்டவர், தன் நம்பரை மறந்திருந்தார்.

ஜூன் பத்தாம் தேதி ரிபாய் லீவில் ஊருக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவனுக்கு ஜெர்மன் தபாலும் ஒன்றுதான், கரண்ட் பில்லும் ஒன்றுதான். செல்வசிங் தினமும் போய்க் கேட்டார். “மாஃபி, பாய், மாஃபி” என்று, இல்லை என்பதை அரபியில் தலை நிமிராமல் சொன்னான்.

ஜூன் 25, புதன். மறுநாள் காலை மூட்டை போய்விடும், வேலை முடிந்து இரவு அவரும் ஊருக்குப் போய்விடுவார். கார்மேகத்தையும் இழுத்துக்கொண்டு தபால் அறைக்கு ஓடினார். அந்தப் புது ஆளிடம் கெஞ்சி, திருப்பி அனுப்பவிருந்த சாக்கைத் தரையில் கவிழ்த்தார்கள். இருவரும் மண்டிபோட்டுத் துழாவினார்கள்.

“அண்ணே, இந்தக் கிறுக்கல் உங்க ஜெர்மன் ஆளுங்களோடதா பாருங்க.”

நீல உறை. கார்மேகமே கிழித்துக் கொடுத்தான். உள்ளே அவருடைய தாளே திரும்பி வந்திருந்தது. மூன்றாவது கட்டம் நிரம்பி வழிந்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல கார்மேகம் கேட்டான்.

‘தெரிந்தேதான் விட்டேன். என் அம்மா முப்பத்தாறு வயதில், நவம்பர் மழையில் இறந்தார். ராணியை மழையில் நாலு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது அம்மாவாகிவிட்டது. அதனால் வெயிலுக்கு மாற்றினேன். மற்ற மூவரின் காரணம் எனக்குத் தெரியாது.’

கீழே கையெழுத்து.

“இனி கேஜ் பாஸாண்ணே?” என்றான் கார்மேகம்.

“பாஸ்” என்றார் செல்வசிங். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உறையிலிருந்த தபால் அறை முத்திரையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். போன வாரத்து மூட்டை போன பிறகு, அதே வியாழன் மதியம் வந்திருக்கிறது. தாளின் மூலையில் முதலில் தன் ஸ்டாஃப் நம்பரைப் போட்டு, பக்கத்தில் எழுதினார்:

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது: 2025 ஜூன் 19.