கட்டாரில் இருந்து வந்த சுகச் செய்தி

"அவ சுகமா இரிக்கா மிஸ், ஒரு பிரச்சினையும் இல்ல" என்று சொன்னவர் கட்டாரில் இருந்தார். அவருடைய மனைவி சிபானா சாய்ந்தமருதில், எங்கள் கிளினிக்குக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தாள். அவளுடைய சுகத்தை நான் கட்டாரில் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அது கொரோனாக் காலம். கர்ப்பிணித் தாய்மாருக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியிருந்தோம். நான் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரத் தாதி. ஓய்வு பெறும் நாள் நெருங்கியிருந்தது. பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இளம் டொக்டர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். ஊசி போட்ட தாய்மாருக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் கேட்க வேண்டும். காய்ச்சல் வந்ததா, விட்டதா, வேறு உபாதை உண்டா. நல்ல ஆய்வு, தேவையான ஆய்வு. இதை நக்கலாகச் சொல்லவில்லை. நக்கல் இனித்தான் வருகிறது.

கிளினிக்கில் தொலைபேசி இலக்கம் கேட்டால் எங்கள் பெண்கள் கணவரின் இலக்கத்தைத்தான் கொடுப்பார்கள். பெண்பிள்ளையின் இலக்கம் வெளியாரிடம் போவது மரியாதையில்லை என்பது ஊரின் எண்ணம். கணவர்மாரில் பலர் வளைகுடாவில். ஆகவே கல்முனைக் கரையோரத்துக் கர்ப்பிணிகளின் உடல்நிலையைப் பாலைவனத்தில் கேட்டுப் பதிந்தோம்.

"டொக்டர், இதெல்லாம் புருசன்மார்ர நம்பர்" என்றேன்.

"பரவாயில்ல மிஸ். ஹஸ்பண்டுக்குத் தெரியாம இருக்குமா? ரெஸ்பொன்ஸ் எவ்வளவு நல்லா இருக்குப் பாருங்க."

உண்மைதான். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் வெளிநாட்டில் இருப்பவர்கள் பதறிக்கொண்டு எடுப்பார்கள். சிபானாவின் கணவர் றிஸ்வானும் அப்படித்தான் எடுத்தார்.

"காச்சல் வந்ததா தம்பி?"

"ஓம் மிஸ், ஊசிக் காச்சல். மத்த நாளே புடிச்சிட்டு. நேத்துத்தான் உட்டதாம்."

"இப்ப எப்பிடி இரிக்கா?"

"சுகம் மிஸ். சோர்ந்து கிடக்காவாம், சாப்பிட்டா சத்தி எடுக்காவாம், அவ்வளவுதான். மாமி சொன்னா. காச்சல்தான் உட்டுட்டே."

பக்கத்தில் இருந்த டொக்டர், "ரிசோல்வ்ட், சுகமாயிட்டு எண்டு போடுங்க மிஸ்" என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஊசியால் வரும் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். கிழமைக் கணக்கில் இழுத்தடித்துவிட்டு விடும் காய்ச்சல் வேறு. அந்தத் தெருவில் அப்போது டெங்கும் இருந்தது. டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் மோசமான நேரம். இதைச் சொன்னதும் டொக்டரின் முகம் மாறியது. கெட்டிக்காரப் பிள்ளை, அம்புலன்சுக்கு அழைத்தது அவர்தான். நான் ஆட்டோவில் முன்னால் போனேன்.

வீடு

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். சிபானாவின் உம்மா கதவை அரைவாசி திறந்து, என்னைக் கண்டதும் முழுவதும் மூடப் பார்த்தா.

"என்ன மிஸ், ஊட்டுக்கே வந்திட்டீங்க? புள்ளைக்கு ஒண்டும் இல்ல. ஊசிக் காச்சல், அது உட்டுட்டு."

"நான் அவவைப் பார்க்கணும்."

"சத்தமாக் கதைக்காதீங்ககா. பக்கத்து ஊட்டுக்குக் கேக்கும்."

"கேட்டா என்ன?"

"என்னவா? காச்சல் எண்டா மூக்குக்குள்ள குச்சி உடுவாங்க. கொரோனா எண்டு வந்தா ரோட்ட அடைப்பாங்க. புள்ளையக் கொண்டுபோயிருவாங்க. மௌத்தானா மையத்த நம்மட மையவாடியில அடக்க உடுவாங்களா? ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோவாங்க. ஊசிக் காச்சல் எண்டு சொன்னா ஆரும் ஒண்டும் கேக்கல்ல. கிளினிக்ல நீங்கதானே சொன்னீங்க, ஊசிக்குக் காச்சல் வரும், பயப்புடாதீங்க எண்டு."

அந்த நாட்களில் காய்ச்சல் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இருந்த பயத்தை வெளியூரார் இலேசில் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். கொரோனாவில் இறந்தவர்களை முதலில் எரித்தார்கள், பிறகு தூரத்தில் ஓட்டமாவடியில் மட்டும் அடக்க விட்டார்கள். பயந்த சனங்களுக்கு நாங்களே ஒரு பாதுகாப்பான பெயரைக் கொடுத்திருந்தோம். எந்தக் காய்ச்சலையும் அந்தப் பெயருக்குள் ஒளிக்கலாம்.

சிபானா உள்ளறையில் கட்டிலில் கிடந்தாள். கை குளிர்ந்திருந்தது, நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்புலன்ஸ் வந்தபோது முழுத் தெருவும் வாசலுக்கு வந்து நின்றது. உம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஏறினா.

வார்ட்டில்

டெங்குதான். கொரோனா இல்லை. சிபானா தப்பினாள். ஏழு மாதத்துப் பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது.

மேலிடத்தில் கூடி ஆராய்ந்தார்கள். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று முடிவெடுத்தார்கள். சரியான முடிவு, நான் இருந்திருந்தாலும் கையொப்பமிட்டிருப்பேன். ஊர் அதைக் காத்திருந்து கேட்கவில்லை. "ஊசி போட்டுத்தான் புள்ள செத்த" என்று அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டது. அடுத்த கிளினிக்கில் ஊசி போடுவதற்கு நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். கதிரைகள் வெறுமையாக இருந்தன. வராத பெண்களில் எத்தனை பேர் பிறகு கொரோனாவில் மூச்சுத் திணறிப் படுத்தார்கள் என்பதை எவரும் ஆராயவில்லை.

வார்ட்டில் சிபானாவைப் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அவருக்கா மிஸ் கோல் எடுத்தீங்க?"

"ஓம்."

"என்ன கேட்டீங்க?"

"காச்சல் விட்டுட்டா எண்டு."

சுவரிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"எனக்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பன் மிஸ். காச்சல் உடுறதுக்கு முதல் நாளே அசைவு நிண்டுட்டு. உம்மாக்கிட்டச் சொல்லப் பயம். அவருக்கிட்டச் சொன்னா அங்க இருந்து என்ன செய்யிற? ஆராவது கேப்பாங்க எண்டு பாத்திட்டுக் கிடந்தன்."

உம்மா தலையணையைச் சரிசெய்வது போலக் குனிந்து அழுதா.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தொலைபேசியில் கணவர் எடுத்தால் ஸலாம் சொல்லுங்கள், நன்றி சொல்லுங்கள், வைத்துவிடுங்கள். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போங்கள். வாசலில் நின்று கேட்க வேண்டாம். அவள் கட்டிலில் போய் உட்காருங்கள். காய்ச்சலைப் பற்றிப் பிறகு கேட்கலாம். பிள்ளை அசையுதா என்று முதலில் கேளுங்கள். அதற்கு அவளைத் தவிர வேறு ஒருவராலும் பதில் சொல்ல முடியாது.