சின்ன வீட்டில் பெரிய சோபா

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தரும் அவளை எல்லோரும் டீச்சரம்மா என்றே கூப்பிடுவார்கள். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து ஊர் உயிரைக் காப்பாற்றுபவள். நாற்பத்தைந்து வயதில் திடுதிப்பென்று ஒரு பாட்டு ஆல்பம் போட்டாள். எழுதியது, மெட்டமைத்தது, பாடியது எல்லாம் அவளே. கூடவே நாலு வயலின், ஒரு புல்லாங்குழல், ஊதுகிற பித்தளை ஹார்ன் இரண்டு, பெரிய வயலின் மாதிரி தரையில் நிறுத்தி வாசிக்கும் அக்காவின் செல்லோ. அக்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்.

பத்திரிகை விமர்சகர் ஒரே வரியில் ஆளைச் சாய்த்துவிட்டார்: “சின்ன வீட்டுக்குள் பெரிய சோபாவைத் திணித்த மாதிரி இருக்கிறது.” கேட்டவர்களும் இரண்டுபட்டார்கள். கொட்டாவி வருகிறது என்றார்கள் சிலர். ஐந்தாவது பாட்டில் செல்லோ நுழையும் இடத்துக்காகவே வண்டியை ஓரங்கட்டிக் கேட்டதாக ஒரு லாரி டிரைவர் எழுதியிருந்தார்.

ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனியின் மேனேஜர், வாத்தியங்களையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் கிடாரோடு மறுபடி போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்றார். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று வீட்டுக்காரரும் கேட்டார். தன்னால் தங்கையின் பாட்டு கெட வேண்டாமென்று அக்கா செல்லோவைப் பரணில் ஏற்றிவிட்டாள். அதுதான் டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது. நேரே அக்கா வீட்டுக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, செல்லோவை இறக்கி அக்கா முன்னால் வைத்தாள்.

“உனக்காக எழுதின பாட்டு அது, அக்கா. நீ வாசிக்கலேன்னா நான் பாடல.”

முடியாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். இனி கம்பெனி அவளுக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாது என்றார் அவர். சரி என்றாள். டிரைவிங் ஸ்கூலின் கார் ஷெட்டைக் காலிசெய்து கச்சேரிக்கு ஏற்பாடு செய்தாள். போஸ்டரில் அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அந்த சோபா வரி. திமிரைப் பாரு என்றார் வீட்டுக்காரர். ஆனால் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஒட்டியதும் அவர்தான்.

ஷெட் நிறைந்தது. மூன்றாவது பாட்டிலேயே சிலர் எழுந்து போனார்கள். போகிறவர்களைப் பார்த்தபடியே பாடினாள், குரலைத் தாழ்த்தவில்லை. ஐந்தாவது பாட்டில் அக்கா செல்லோவின் மேல் வில்லை இழுத்ததும் இருமல்கூட நின்றுபோனது.

விமர்சகரும் வந்திருந்தார். முடிந்ததும் நேரே வந்து, தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்.

“பரவாயில்ல சார். அதுக்காக ஒரு வயலினைக்கூடக் குறைக்க மாட்டேன்.”

அடுத்த ஆல்பத்துக்கு இப்போதே மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா தனக்குத் துணையாக இன்னொரு செல்லோக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.