பஸ் ஜன்னலில் கட்டிய கள்ளி வீடு

மைத்துனன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல். பெட்டிகள் வாசலில் நின்ற காரில் ஏறிவிட்டன. போகவேண்டியவன் மட்டும் மொட்டை மாடியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியார் மேலே போய்ப் பார்த்தார். அவன் தண்ணீர் டேங்கின் அடியில் இருக்கும் கொஞ்ச இடத்தில் கள்ளிச் சட்டிகளை நனையாமல் நெருக்கி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, ப்ளேன் உனக்காக நிக்காது."

"மழையில நின்னா வேர் அழுகிடும் அத்தான். யாருக்காவது குடுத்துடுங்க."

"எனக்குக் குடுத்துட்டுப் போயேன்."

"உங்களுக்கா? அக்கா வெச்ச ரோஜாவையே கொன்ன கை அது."

மனைவி இறந்த பிறகு அவன் அவரிடம் சொன்ன முதல் கிண்டல் அதுதான். கண்ணாடியாருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஜன்னல் பொருத்துகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மற்றபடி, ஐம்பத்தைந்து வயதிலும் கண்ணுக்குக் கண்ணாடி போடாதவர். பிள்ளைகள் இல்லை. படிக்க வந்த மனைவியின் தம்பி படிப்பு முடிந்தும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டான். ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் கள்ளிச் செடி. "ஆள் உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிறவன், வெளியே முள் இருக்கிறதைத்தான் வளர்ப்பானாம்" என்பாள் அக்காக்காரி. அத்தானுக்கும் மச்சானுக்கும் எலியும் பூனையும்தான். விசிறி எத்தனையில் ஓடவேண்டும் என்பதில் தொடங்கி, பேப்பரை யார் முதலில் பிரித்தது என்பது வரைக்கும் வழக்கு. தீர்ப்பு சொல்ல அவள் இருந்தாள். இவனிடம் "அவர் உன்னைத்தான் தேடறார்" என்பாள், அவரிடம் "அவன் வருத்தப்படறான்" என்பாள். இரண்டும் பொய். இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சமாதானம் ஆகிவிடும்.

ஒரு காலையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையே இல்லை. இரண்டு ஆண்களும் கதவைக்கூட மெதுவாகச் சாத்தினார்கள்.

காரில் ஏறும்போது மைத்துனன் சொன்னான்: "அக்கா வீடுன்னு இருந்தேன் அத்தான். இனிமே கேக்கறவங்ககிட்ட என்னன்னு சொல்லிக்கிட்டு இருக்கறது?"

'அத்தான் வீடுன்னு சொல்லேன்' என்பது அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வந்ததோ, "பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டியா?"

கார் தெரு முனை திரும்பியது. அக்காள் உண்டானால் மச்சான் உண்டு என்ற பழமொழியை அவர் எத்தனையோ கல்யாண வீட்டில் சிரிப்பதற்காகச் சொல்லியிருக்கிறார். அதில் வரும் மச்சான் அக்காள் புருஷனான தான்தான், அக்காள் போனால் அந்த உறவும் இல்லை என்று இப்போது தெரிந்தது.

செடிகளை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. மாடியில் ஒரு கண்ணாடி வீடு கட்டவேண்டும் என்பது மைத்துனனின் பல வருடக் கனவு. "முதல்ல உனக்கு ஒரு வீடு கட்டு, அப்புறம் முள்ளுக்குக் கட்டலாம்" என்று அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அதைக் கட்டி முடித்தால், வந்து பார்க்கவாவது வருவான்; வந்தவன் தங்கினாலும் தங்குவான். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிவிடலாம் என்று கண்ணாடியார் நினைத்தார்.

விடுமுறை நாட்களில் மாடியில் உட்கார்ந்து டேங்கின் நிழல் எங்கெங்கே நகர்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். நிழல் தொடாத மூலையைத் தேர்ந்தெடுத்தார். தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிவு, சூடு வெளியேற எதிரெதிரே ஜன்னல், சட்டி வைக்க இரும்புப் பலகை என்று எல்லாம் கணக்காக யோசித்தார். பட்டறையில் வெல்டர் கூட்டாளி. ஷிப்ட் முடிந்ததும் ஆங்கிள் இரும்பை வெட்டிச் சட்டம் செய்து கொடுத்தான்.

"யோவ் கண்ணாடி, இதுக்கு ஸ்டியரிங் எங்க வைக்கறது?"

"கண்டக்டர் சீட்டு உனக்குத்தான், வா."

ஜன்னல்கள் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்டவை. குவியலில் எத்தனையோ கிடந்தன. கண்ணாடியார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஏசி பஸ்ஸின் கறுப்புச் சாயம் ஏறிய கண்ணாடிகளை மட்டும் தேர்ந்து எடுத்துக்கொண்டார். கூரைக்கும் அதுவேதான். முப்பது வருடமாக அவருக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்: உள்ளே உட்கார்ந்திருப்பவர் மேல் வெயில் படக்கூடாது. மலிவான கண்ணாடியை மச்சானின் செடிக்கு மாட்டுவதா? ரப்பர் பட்டையின் பள்ளத்தில் கயிறு கொடுத்து, உள்ளிருந்து இழுத்து, கண்ணாடியை அவர் உட்கார வைத்த அழகைப் பார்த்து பக்கத்து மாடிக்காரர் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு நின்றார். பெருமழை ஒன்று வந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. திறந்து மூடும் ஜன்னல் ஒன்றின் பழைய சட்டத்தில் 'கை, தலையை வெளியே நீட்டாதீர்கள்' என்ற எழுத்து அழியாமல் இருந்தது. சுரண்டாமல் விட்டுவிட்டார், மச்சான் பார்த்தால் சிரிப்பான்.

எல்லாம் முடிந்த அன்று புகைப்படம் அனுப்பினார். பதில் உடனே வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தான். ரொம்ப நன்றி."

கண்ணாடியார் அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வீட்டு ஆள் யாரும் அவருக்கு அதுவரை நன்றி சொன்னதில்லை. பஸ்ஸில் இடம் விட்டால் முன்பின் தெரியாதவர்கள் சொல்வார்கள்.

அந்த மழைக்காலம் முழுக்கச் செடிகள் வளர்ந்தன. அப்படி ஒரு வளர்த்தியை அவர் பார்த்ததில்லை. எலுமிச்சை போல உருண்டையாக இருந்தது கத்தரிக்காய் போல நீண்டது. தூணாக இருந்தவை கூரையைத் தொடப் பார்த்தன. அடிப்பாகம் தடித்தும், அதற்கு மேல் வெளிர்பச்சையாய் மெலிந்தும் இருந்தன. இளசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மாதம் தவறாமல் படம் அனுப்பினார். "நல்லா இருக்கு அத்தான்." "சூப்பர் அத்தான்." "உடம்பைப் பாத்துக்கங்க அத்தான்." பதில்கள் வந்தன. ஒரு சண்டை வரவில்லை.

சட்டி மண்ணில் கலக்கக் கரடுமுரடான மணல் வாங்கப் போன இடத்தில்தான் நர்சரிக்காரம்மாவிடம் பெருமையாகப் படத்தைக் காட்டினார். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுங்களை எங்கே, கட்டிலுக்கு அடியிலயா வெச்சிருக்கீங்க?"

"மாடியில, கண்ணாடி வீட்டுலம்மா. எப்படி வளர்ந்திருக்கு பாத்தீங்களா?"

"வளரல சார். வெளிச்சம் பத்தாம கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது. கள்ளி பட்டினி கிடந்தா இப்படித்தான் உயரும்."

கண்ணாடியார் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "வெள்ளைக் கண்ணாடி மாத்திட்டா பழையபடி ஆயிடுமா?"

"இனிமே வர்றது தடிமனா வரும். இந்த நீண்ட கழுத்து நீண்டதுதான். அது ஒல்லியா அப்படியே நடுவுல நிக்கும். மாத்தும்போது மேல கொசுவலை கட்டுங்க. இத்தனை நாள் இருட்டுல இருந்ததுக்கு ஒரேயடியா வெயிலைக் காட்டினா வெந்துடும்." பிறகு, அவர் முகத்தைப் பார்த்து, "வளர்க்கறவங்க யாரும் படத்தைப் பார்க்கலையா? பார்த்த உடனே தெரியுமே" என்றாள்.

மணல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது அவரை உறுத்தியது செடிகள் அல்ல. பார்த்த உடனே தெரியும். மைத்துனனுக்கும் முதல் மாதமே தெரிந்திருக்கும். தெரிந்தும் நல்லா இருக்கு என்றிருக்கிறான். முன்பு என்றால், ஒரு சட்டியைத் தள்ளி வைத்தாலே வீட்டை இரண்டாக்குவான். வீட்டு மனிதனைத்தான் திட்ட முடியும். வெளி ஆளிடம்தான் பார்த்துப் பேசவேண்டும்.

அடுத்த வாரமே வெல்டரோடு சேர்ந்து கறுப்புக் கண்ணாடிகளைக் கழற்றினார். போட்டதை விடக் கழற்றுவது சிரமமாக இருந்தது. அவ்வளவு இறுக்கமாகப் பொருத்தியிருந்தார். "என்னய்யா, உன் வேலையை நீயே திட்டிக்கிட்டுக் கழட்டற" என்றான் வெல்டர். அவர் அடுத்த ரப்பர் பட்டையை நெம்பினார். வெள்ளைக் கண்ணாடி ஏறியது, மேலே கொசுவலை ஏறியது. வெயில் முதல் தடவையாகச் சட்டிகள் மேல் கட்டம் கட்டமாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கழுத்தும் எவ்வளவு மெலிந்திருந்தது என்பது நன்றாகவே தெரிந்தது.

இந்தத் தடவை அவர் படம் அனுப்பவில்லை. ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினார்: "மாப்ள, மொத படத்துலயே உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?"

படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. கோடை போனது. செடிகளின் உச்சியில் புது வளர்த்தி நல்ல பச்சையில் குண்டாக வந்தது, ஒல்லிக் கழுத்தின் மேல் தலை வைத்த மாதிரி. சில செடிகள் அந்தப் பாரம் தாங்காமல் சாய்ந்தன. குச்சி நட்டுக் கட்டினார். அடுத்த மழையும் வந்து போனது. பட்டறையில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மைத்துனன் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அவர்தான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார்.

கேள்வி கேட்டு ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, மாடியில் சாய்ந்த செடிக்குக் குச்சி சீவிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது.

"அத்தான், அன்னிக்கே தெரியும். 'கூறு கெட்ட மனுஷா, கள்ளிக்கு எதுக்கு கூலிங் கிளாஸு'ன்னு எழுதிட்டு, அனுப்பாம அழிச்சிட்டேன். முன்னயெல்லாம் உங்களை என்ன சொன்னாலும் அக்கா சரி பண்ணிடுவா. இப்ப நீங்க கோவிச்சுக்கிட்டா நமக்கு நடுவுல யார் இருக்கா? அதனால நல்லா இருக்குன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி, அப்புறம் வேற எதையும் எப்படிப் பேசறதுன்னே மறந்து போச்சு. நான் இங்கேயே இருந்துடறதா முடிவு பண்ணிட்டேன் அத்தான். திரும்பி வர்ற மாதிரி இல்ல. இதைச் சொல்லத்தான் இத்தனை மாசம் ஆச்சு. உங்களுக்குக் கோவம் வரும். வந்தா திட்டுங்க. 'சந்தோஷம்'னு மட்டும் எழுதிடாதீங்க."